மாஸ்டடானில் 'தனிச்செய்தி' அனுப்பும் நிரல்: பெயரிலேயே கோளாறு

சித்தப்பா பையன் ஆர்.கே.பேட்டையில விசைத்தறி ஓட்டறான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா கூலிக் கணக்கு. யார் எத்தனை சேலை இறக்கினாங்க, என்ன ரேட், முன்பணத்துல எவ்வளவு கழிச்சது, பாக்கி எவ்வளவு. ஒரு நோட்டுல எழுதி எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவான். அங்கதான் பிரச்சினை. கூலி தெரிஞ்சா பரவாயில்ல, முன்பணம் தெரியக்கூடாது. யார் எவ்வளவு கடன்ல இருக்காங்கன்னு பக்கத்துத் தறிக்காரருக்குத் தெரிஞ்சா, அடுத்த நாள் டீக்கடையில அதுதான் பேச்சு.

"அண்ணா, அவங்கவங்க கணக்கு அவங்கவங்க போனுக்கு மட்டும் போற மாதிரி ஒரு புரோகிராம் எழுதித் தர முடியுமா? வாட்ஸப்ல இப்படி அனுப்பக் காசு கேக்கறாங்க. மாஸ்டடான்ல இலவசம்னு நீதானே சொன்ன?"

சொன்னது உண்மைதான். அதனால ரெண்டு வார இறுதிகளை இதுக்குச் செலவழிச்சேன். இந்தக் கட்டுரை அதன் விமர்சனக் குறிப்பு.

மாஸ்டடானை 2016இல் ஆய்கன் ரோக்கோ வெளியிட்டார். இந்தியாவில் இது பரவலாகத் தெரிய வந்தது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும் பலர் கோபித்துக்கொண்டு இங்கே வந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். ஒரே கம்பெனி கிடையாது, ஆயிரக்கணக்கான சேவையகங்கள், யார் வேண்டுமானாலும் ஒன்றை நிறுவலாம், எல்லாம் ஒன்றோடொன்று பேசும். பேசும் மொழி ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அதைப் பரிந்துரையாக அறிவித்தது.

நிரல் எழுதுவது வெட்கப்படும் அளவுக்குச் சுலபம். கணக்கின் அமைப்புகளில் போய் ஒரு டோக்கன் எடுக்கணும், பதிவு எழுதும் உரிமை மட்டும் கொடுத்தால் போதும். பைத்தானில் மாஸ்டடானுக்கென்றே ஒரு நூலகம் இருக்கு. பதிவின் உரை, அதன் பார்வை எல்லை 'டைரக்ட்'. இந்த இரண்டையும் கொடுத்து ஒரே ஒரு வரி. ஐந்து நிமிடத்துக்கு 300 கோரிக்கை என்ற வரம்பு இருக்கு. பத்து இருபது தறிக்காரருக்கு அது கடல்.

இப்போ கவனிங்க. தனிச்செய்தி அனுப்பத் தனியாக ஒரு ஏபிஐ கதவே இல்லை. ஊருக்கெல்லாம் கூவும் பதிவுக்கும் இதுக்கும் ஒரே கதவு. 'யாருக்கு' என்று ஒரு புலமும் கிடையாது. பெறுபவர் யார் என்பதை உரைக்குள் இருக்கும் @ குறியை வைத்துத்தான் சேவையகம் கண்டுபிடிக்குது. அதாவது விலாசம் உறைமேல் இல்லை, கடிதத்துக்குள்ளேயே இருக்கு.

இதன் விளைவு முதல் நாள் எனக்குப் புரியலை. நம்ம பக்கம் பில் எப்படி எழுதறோம்? "48 @650". நாற்பத்தெட்டு உருப்படி, ஒன்று 650 ரூபாய் வீதம். மாஸ்டடானில் வெறும் எண்ணாலேயே பயனர் பெயர் வைக்கலாம். சேவையகப் பெயர் இல்லாமல் @ போட்டால் அதே சேவையகத்தில் இருப்பவர் என்று பொருள். நான் வாடகைக்கு எடுத்த சின்ன மெய்நிகர் கணினியில் மாஸ்டடானை நிறுவி, '650' என்று ஒரு கணக்கைத் திறந்து வைத்துச் சோதித்தேன். '650'க்கு அறிவிப்பு வந்தது. திறந்தால் முன்பணம் உள்பட முழுக் கணக்கும்! இத்தனைக்கும் "48@650" என்று ஒட்டி எழுதினால் ஒன்றும் ஆகாது, "48 @ 650" என்று இரண்டு பக்கமும் இடம் விட்டாலும் ஆகாது. முன்னால் மட்டும் இடம் விட்டால் வேறொருத்தர் வீட்டுக்குள் போகுது. ஒரு மனுஷனோட கடன் ரகசியம் ஒரு ஸ்பேஸில் தொங்குது.

கை தட்டச்சாக இருந்தால் இதைக் கண் பிடிக்கலாம். நிரல் பார்க்காது. எக்செல்லில் இருப்பதை அப்படியே உரையில் ஒட்டிவிடும். நியாயமாகச் சொல்லணும்: பதிவை அனுப்பும்போது 'அனுமதித்த குறிப்புகள்' என்று ஒரு பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வழி இருக்கு. அதில் இல்லாத கணக்கு உரையில் வந்தால் சேவையகம் அனுப்ப மறுத்துவிடும். நல்ல பூட்டுதான், ஆனால் அதைக் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். பூட்டு இயல்பாக இருந்து, திறப்பதைத்தானே நாம் கேட்டு வாங்கணும்?

சரி, வேறு சேவையகத்துக்கு எப்படிப் போகுது? நம் சேவையகம் முதலில் வெப்ஃபிங்கர் மூலம் "இந்தப் பெயர்க்காரர் உங்ககிட்ட இருக்காரா" என்று கேட்கும். அவருடைய 'இன்பாக்ஸ்' முகவரி கிடைக்கும். செய்தியை ஜேசனாகக் கட்டி, தன் சாவியால் கையொப்பமிட்டு அங்கே போடும். செய்தியின் பெறுநர் பட்டியலில் 'பொது' என்ற முகவரியோ பின்தொடர்பவர்களின் முகவரியோ இல்லையென்றால் அது தனி. அவ்வளவுதான் 'தனி' என்பதன் முழு வரையறை. கையொப்பம் யார் அனுப்பியது என்பதற்குச் சாட்சி, உள்ளடக்கத்தை அது மறைக்காது. வழியில் ஹெச்டிடிபிஎஸ் காக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் காக்க மாட்டார்கள்.

என் சேவையகத்தின் தரவுத்தளத்தைத் திறந்து, பதிவுகள் அட்டவணையில் பார்வை எல்லை 3 என்று இருப்பவற்றைக் கேட்டேன் (0 பொது, 3 தனி). எல்லாம் பச்சைத் தமிழில் வந்து நின்றது. நிர்வாகப் பக்கத்தில் இவை சாதாரணமாகத் தெரியாது என்பது சரிதான். ஆனால் தரவுத்தளச் சாவி வைத்திருப்பவருக்கு நிர்வாகப் பக்கம் எதுக்கு? இரண்டு சேவையகம் என்றால் இரண்டு சாவிக்காரர்கள், அவர்களுடைய பேக்கப்புகள் தனி. அழித்தாலும், எதிர்ச் சேவையகத்துக்கு "அழித்துவிடுங்கள்" என்று ஒரு வேண்டுகோள்தான் போகும்.

மாஸ்டடான் இதை மறைக்கலை. எழுதும் பெட்டியிலேயே, இது முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டதல்ல என்று எச்சரிக்கை வரும். 'நேரடிச் செய்தி' என்ற பழைய பெயரையும் 'தனிக் குறிப்பு' என்று மாற்றியிருக்காங்க. 2020இல் மறையாக்கத்துக்கான அடித்தளத்தைக்கூட நிரலில் சேர்த்தார்கள், பயனர் கைக்கு வரவில்லை. ஆனால் என் விமர்சனம் இதுதான்: எச்சரிக்கை திரையில் இருக்கு, ஏபிஐயில் இல்லை. என் சித்தப்பா பையனின் தறிக்காரர்கள் அந்தப் பெட்டியைப் பார்க்கவே போவதில்லை. அவர்களுக்கு வருவது நான் எழுதிய நிரலின் செய்தி. எச்சரிக்கையைத் தின்றவன் நான்.

இன்னொரு குறை. அனுப்பியதும் 200 என்று பதில் வரும். நான் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அது என் சேவையகம் வாங்கிக்கொண்டதற்கான ரசீது மட்டும். எதிர்ச் சேவையகம் படுத்திருந்தால் இது பல முறை முயன்று கடைசியில் சும்மா விட்டுவிடும், எனக்குத் தகவல் வராது. போய்ச் சேர்ந்தாலும் பெறுபவர் என்னைப் பின்தொடராவிட்டால் வடிகட்டி ஒதுக்கி வைத்திருக்கலாம். இந்த வடிகட்டலைக் குறை சொல்ல மனசு வரலை. 2024 பிப்ரவரியில் கவனிப்பில்லாத சிறு சேவையகங்களில் தானியங்கியாகக் கணக்குகள் திறந்து குப்பைக் குறிப்புகளை மழையாகக் கொட்டினார்களே, அதுவும் இதே ஏபிஐதான்.

யூபிஐயைப் பாருங்க. அங்கேயும் பெயர்@வங்கி என்றுதான் முகவரி, அங்கேயும் பல வங்கிகள். ஆனால் பணம் போனதா இல்லையா என்பது இரண்டு பக்கமும் தெரியும். நடுவில் என்பிசிஐ இருப்பதால் அது முடியுது. மாஸ்டடானில் நடுவில் யாரும் கிடையாது, அதுதான் அதன் பெருமையே. ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2025இல் அரட்டை செயலியைப் பற்றிப் பேசும்போது, செய்திச் செயலிகளும் யூபிஐ, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று பேசணும் என்றார். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நடுவர் யார், சாவி யார் கையில் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் அது நகராது. ப்ளூஸ்கை 2024 மே மாதம் தனிச்செய்தி கொண்டுவந்தபோது இந்தத் தலைவலியே வேண்டாம் என்று அதைத் தன் நெறிமுறைக்கு வெளியே, ஒரே மையச் சேவையில் வைத்துவிட்டது. பரவலாக்கம் பேசுகிறவர்கள் இதைக் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ நேர்மையான முடிவாகத்தான் பட்டது.

கூட்டாட்சியும் வேணும், ரகசியமும் வேணும் என்றால் இன்றைக்கு மேட்ரிக்ஸ், அல்லது ஓமெமோவோடு எக்ஸ்எம்பிபி. இரண்டிலும் நிரல் எழுதலாம், ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் சாவி மேலாண்மை. போன் மாத்தினால், சாவியைப் பத்திரப்படுத்தலைன்னா பழைய செய்தி போச்சு. மாசத்துக்கு ஒரு தடவை போனை மாத்திக்கற பசங்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது?

போன வாரம் ஊருக்குப் போனப்போ மாஸ்டடான் நிரலைக் காட்டினேன், '650' கதையையும் சொன்னேன். அவன் சிரிச்சான். கடைசியில் செஞ்சது இதுதான்: பாவு வந்தது, இன்னைக்குக் கரண்ட் இல்லை, கூலி தயார், வந்து வாங்கிக்கோங்க என்பதெல்லாம் மாஸ்டடானில் போகுது. @ குறி இருந்தால் அனுப்பாதே என்று இரண்டு வரி சேர்த்திருக்கேன். முன்பணக் கணக்கு மட்டும் ஆளுக்கொரு சீட்டாகப் பிரிண்ட் எடுத்து, நாலா மடிச்சு, ஸ்டேப்ளர் போட்டுக் கையில குடுக்கறான்.