கோப்பியும் காப்பியும்: இரு கரைகளில் சின்ன ஆங்கிலச் சொற்கள்

தமிழ்நாட்டில் ‘காப்பி’ என்று எழுதினால், அது குடிப்பதா, பார்த்து எழுதுவதா என்பது அடுத்த சொல் வந்தால்தான் தெரியும். போட்டால் பானம், அடித்தால் பரீட்சைத் திருட்டு. யாழ்ப்பாணத்தில் இந்தச் சிக்கல் இல்லை. குடிப்பது கோப்பி. பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் நோட்டுப் புத்தகம் கொப்பி. ஒரு நெடிலும் ஒரு குறிலும் இரண்டையும் பிரித்து வைத்துவிடுகின்றன.

ஆங்கிலத்தில் அதிகச் சுமை தூக்குபவை சின்னச் சொற்களே. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். அது தமிழுக்கு வந்த பிறகும் ஓயவில்லை: பம்பு செட், செட் தோசை, சினிமா செட், ‘எனக்கு இது செட் ஆகாது’. இந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது இலங்கையும் தமிழ்நாடும் வெவ்வேறு வழியில் போகின்றன. நாம் டாக்டர், ஆபீஸ், காலேஜ் என்று ஆகாரம் போடும் இடத்தில் அவர்கள் டொக்டர், ஒபீஸ், கொலிஜ் என்று ஒகரம் போடுகிறார்கள். நீளமான சொல்லில் இதனால் குழப்பம் வராது. இரண்டெழுத்துச் சொல்லில் வரும். நம் ஊர்க் கிரிக்கெட் ‘பால்’ எழுத்தில் பசும்பாலேதான். உயிரெழுத்தைப் பொறுத்தவரை இலங்கை வழக்கே செம்மையானது என்பது என் தீர்ப்பு.

மெய்யெழுத்தில் நிலைமை வேறு. ஆங்கில ‘டி’ ஒலி நம் டகரம் அல்ல. நாக்கு அவ்வளவு வளைவதில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் ‘ற்ற’ உச்சரிப்பு அதற்கு மிக நெருக்கம். அதனால்தான் அவர்கள் மீற்றர், லீற்றர், பற்றரி என்று எழுதுகிறார்கள். சொல்லின் முதலில் அதே ஒலிக்கு ரகரம்: ரயர், ரோச், ரிக்கற். மெய்யான ரகர ஒலி வந்தால் றகரம்: றேடியோ, றோட்டு, றப்பர். இதைப் பிழை என்று நம்மவர் சிரிப்பதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது காதை நம்பிக் கட்டிய ஒழுங்கு. ஆனால் வெளியூர் வாசகருக்கு அது கடினம் என்பதும் உண்மை. ‘ரைம்’ அங்கே நேரம். இங்கே மழலைப் பாட்டு. ‘ரேப் றெக்கோடர்’ என்று ஒரு யாழ்ப்பாணக் கதையில் பாட்டுக் கேட்கும் கருவி வந்தால், சென்னை வாசகர் முதல் சொல்லிலேயே திடுக்கிட்டுப் போவார். இன்று இலங்கையிலும் டயர், டிவி என்று எழுதுவோர் உண்டு. இலக்கணத்தைத் துணைக்கு அழைக்க இரு தரப்புக்கும் வழியில்லை. தொல்காப்பியப்படி டகரமும் ரகரமும் றகரமும் சொல்லுக்கு முதலாகா.

எழுத்து வேறுபாட்டைவிட முக்கியமானது, வாழ்க்கை அந்தச் சொல்லுக்குள் எதைப் போட்டு வைத்திருக்கிறது என்பது. ‘பாஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முன்பின் தெரியாத இளைஞரைக் கூப்பிடுவதும் பாஸ், தேர்வில் தேறுவதும் பாஸ். 2020இல் ஊரடங்கின்போது மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்கள். அதே ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி எல்லாரும் ‘ஆல் பாஸ்’ ஆனார்கள். கொழும்பில் பாஸ் என்றால் தச்சர், கொத்தனார் போன்ற கைவினைஞர். ‘மேசன் பாஸ் நாளைக்கு வருவார்’ என்பார்கள். அது டச்சுக்காரர் விட்டுப்போன சொல். ஆங்கிலத்துக்கு முதலாளியைக் குறிக்கும் சொல்லைத் தந்ததும் அதே டச்சுச் சொல்தான்.

வன்னியிலும் வவுனியாவிலும் போர்க்காலத்தில் வாழ்ந்தவரிடம் பாஸ் என்று சொல்லிப் பாருங்கள். புலிகளின் பகுதியை விட்டு வெளியேற ஒரு பாஸ் வேண்டும். அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். கடந்து வந்தால் வவுனியாவில் தங்க இன்னொரு தரப்பின் பாஸ். அது முடிவதற்குள் புதுப்பிக்க வரிசை. ‘பாஸ் கிடைச்சதோ?’ என்ற கேள்வியில் மருத்துவமனையும் திருமணமும் வெளிநாட்டுப் பயணமும் தொங்கிக்கொண்டிருந்தன. நாம் அந்தச் சொல்லைப் பேருந்திலும் பரீட்சையிலும் புழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை.

இன்னொரு சொல் ‘காம்ப்’. நாம் கேம்ப் என்போம்: கண் சிகிச்சை கேம்ப், ரத்ததான கேம்ப், அதிகாரி வெளியூர் போனால் ‘கேம்ப் போயிருக்கிறார்’. வடக்கு இலங்கையில் வெறுமனே காம்ப் என்றால் பெரும்பாலும் ‘ஆமிக் காம்ப்’தான். அதைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை எது என்பது ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருந்தது. கடல் கடந்து ராமேசுவரம் பக்கம் இறங்கியவர்களுக்கு அதே சொல் வேறொன்றானது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தடுத்து வைத்துப் பரிசோதித்து அனுப்பிய இடம் மண்டபம் கேம்ப். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்கள் முதலில் வந்து தங்கியதும் அங்கே. 1983க்குப் பின் அகதிகள் பதிவு செய்துகொண்டதும் அங்கே. போன தலைமுறையும் வந்த தலைமுறையும் ஒரே சொல்லைக் கடந்திருக்கின்றன. அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரே மண்டபம் கேம்ப். 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பேச்சில் இன்னும் கேம்ப்தான். அங்கே பிறந்த பிள்ளைக்குக் ‘கியூ’ என்றால் வரிசை மட்டுமல்ல, கணக்கெடுக்க வரும் போலீஸ் பிரிவும்கூட. இலங்கையில் 2022இல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் நின்ற குடும்பத்துக்கு அதே கியூ வேறு நினைவு.

ஆகவே தமிழ்நாட்டுப் பதிப்பாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஈழத்துக் கையெழுத்துப் பிரதி வந்தால் கொப்பியை நோட்டாக்காதீர்கள், ரயரை டயராக்காதீர்கள், காம்ப்பைக் கேம்ப்பாக்காதீர்கள். வாசகர் தடுமாறுவார் என்று தோன்றினால் கடைசிப் பக்கத்தில் சொற்பொருள் கொடுங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்கைத் தனியே குறித்துக் காட்டி நல்ல வழி போட்டிருக்கிறது. பாஸ் எடுத்து வவுனியாவைக் கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, அந்தப் பொருளையும் அகராதியில் ஏற்றுங்கள்.