வேக ரயிலும் வெள்ளிமலை பஸ்ஸும்

“விழுப்புரம் வரைக்கும் வேக ரயில் வந்துட்டா, கள்ளக்குறிச்சிக்கும் விடிவு காலம்தான்” என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் சொல்வது 2025 மார்ச் மாதத் தமிழக பட்ஜெட்டில் வந்த அறிவிப்பை. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ரயில் ஓட்ட முடியுமா என்று மூன்று தடங்களில் ஆய்வு செய்யப்போவதாக அதில் சொல்லியிருந்தார்கள். சென்னை–செங்கல்பட்டு–திண்டிவனம்–விழுப்புரம், 167 கி.மீ., அவற்றில் ஒன்று. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி இன்னும் எழுபது எண்பது கி.மீ. தள்ளி இருக்கு. அங்கிருந்து கல்வராயன் மலை ஏறுவது தனிக் கதை.

ரயில் வேண்டாம் என்று நான் சொல்லலை. ஆனா பொதுப்பணம் போடுவதற்குச் சொல்லப்படும் வாதங்களில் மூன்று எனக்கு ஒப்பவில்லை.

முதல் வாதம்: “கடன் ரொம்ப மலிவா கிடைக்குது.” மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில்தான் இதற்கு உதாரணம். 508 கி.மீ.; 2017-ல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பான் கடன், வட்டி 0.1 சதவீதம், தவணை 50 வருஷம். கேட்கும்போது இனாம் மாதிரிதான் இருக்கு. ஆனா கடன் வாங்கியது யென்னில். ரூபாய் மதிப்பு இறங்க இறங்க, திருப்பிக் கட்டும் தொகை ஏறும். இன்னொன்று, கடன் மலிவு என்பதால் வேலை மலிவாகிவிடாது. அந்த நிலம், இரும்பு, சிமெண்ட், இன்ஜினியர்களின் உழைப்பு எல்லாமே வேறொன்றுக்குப் போயிருக்கக்கூடியவை.

விழுப்புரம் தடத்துக்கு ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்ப்போம். டெல்லி–மீரட் தடம் 82 கி.மீ., மதிப்பீடு 30,274 கோடி. கிலோமீட்டருக்கு சுமார் 369 கோடி. அந்த விலையில் 167 கி.மீ. போட்டால் 61,600 கோடி. டெல்லியில் சுரங்கப்பாதை உண்டு, இங்கே செலவு குறையலாம். அதனால் இதை மேல்வரம்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 4,312 கோடி, ஒரு நாளைக்கு சுமார் 11.8 கோடி. தினம் ஒரு லட்சம் பேர் ஏறினாலும், ஒரு பயணத்துக்கு வட்டி மட்டும் 1,180 ரூபாய். 2 சதவீதத்தில் சலுகைக் கடன் கிடைத்தால் சுமார் 340 ரூபாய். அசல், கரண்ட், சம்பளம் எதையும் இதில் சேர்க்கவில்லை. டிக்கெட்டில் வராத பணத்தை, அந்த ரயிலைக் கண்ணால் பார்க்காதவரும் வரியாகக் கட்டுவார்.

இரண்டாவது வாதம்: “ரயில் வந்தா கூட்டம் தானா வரும்.” டோக்கியோ–ஒசாகாவில் வந்தது உண்மை. 1964-ல் தொடங்கிய அந்தத் தடம் உலக வங்கிக் கடனில் ஒரு பகுதியைக் கட்டி, போட்ட முதலையும் எடுத்தது. ஆனா அங்கே இரண்டு முனையிலும் மாநகரங்கள், நடுவிலும் அடர்த்தியான ஊர்கள். தைவானில் 2007-ல் ஓடத் தொடங்கிய தடத்தில் எதிர்பார்த்த கூட்டம் வராமல், 2015-ல் அரசே கைகொடுத்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. பென்ட் ஃப்ளூபியர்க் குழு உலகம் முழுக்க ரயில் திட்டங்களை ஆராய்ந்தபோது, உண்மையில் வந்த பயணிகள் கணித்ததில் சராசரியாகப் பாதிதான் என்று தெரிந்தது. செலவோ சராசரியாக 45 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பிழையும் திட்டத்துக்குச் சாதகமான பக்கமே சாய்வதைக் கவனியுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: “மிச்சமாகும் நேரத்துக்கு விலை உண்டு.” நிச்சயம் உண்டு. ஆனா யாருடைய நேரத்துக்கு எவ்வளவு? கூலியை வைத்து நேரத்துக்கு விலை போடுவது ஒரு வழக்கம். மணிக்கு 600 ரூபாய் சம்பாதிப்பவரின் ஒரு மணி நேரம் மிச்சமானால் ஆதாயம் 600. நாள் கூலி 400 வாங்கும் வெள்ளிமலைக்காரருக்கு, எட்டு மணி வேலை என்று வைத்தால், 50. அதாவது பன்னிரண்டு மலைவாசிகள் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பதும், சென்னைக்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னாடி வீடு சேர்வதும் கணக்கில் சமம். பிரசவ வலியோடு மலை இறங்கும் பெண்ணின் ஒரு மணி நேரத்துக்கும் இதே 50 ரூபாய்தானா? பிரிட்டனில் வேலை சாராத பயணங்களுக்கு எல்லோருக்கும் ஒரே விலை போடும் முறை இருக்கு. அதை இங்கேயும் வைத்தால் திட்டங்களின் வரிசையே மாறும்.

2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான், கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அடிப்படை வசதிக்கே கோர்ட் கேட்க வேண்டிய நிலை.

இதையே திருப்பி என்னிடமும் கேட்கலாம். சின்னசேலம்–கள்ளக்குறிச்சி ரயில் பாதை, வெறும் 16 கி.மீ., எத்தனை வருஷமாக இழுத்துக்கிட்டே வருது! 2017 மதிப்பீட்டின்படியே புல்லட் ரயிலுக்குக் கிலோமீட்டருக்கு 213 கோடி. இது முழுப் பாதையுமே சில நூறு கோடி வேலை. எங்க ஊர்க்காரன் என்கிற முறையில் எனக்கு அது வேணும். ஆனா அந்த 16 கி.மீ.யை பஸ் அரை மணியில் கடந்துவிடுகிறது. பயணிகளின் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் எங்கள் பாதையும் தோற்கலாம். சர்க்கரை, அரிசி, மக்காச்சோளம் என்று சரக்கையும் சேர்த்துப் பார்த்தால் நிற்கலாம். எதுவானாலும், விழுப்புரத்துக்குக் கேட்கிற கேள்வியை இதற்கும் கேட்கணும்.

என் கோரிக்கை சின்னது. ஆய்வறிக்கை வரும்போது மூன்று எண்களை எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிடட்டும்: எத்தனை பயணிகள் வருவார்கள் என்று எதை வைத்துக் கணித்தார்கள், யாருடைய நேரத்துக்கு என்ன விலை போட்டார்கள், டிக்கெட்டில் வராத பணம் வருஷத்துக்கு எவ்வளவு. பக்கத்திலேயே, அதே பணத்தில் மலைச்சாலையும் கூடுதல் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் எவ்வளவு வரும் என்ற கணக்கும் இருக்கட்டும். அப்படிப் பார்த்தும் ரயில்தான் ஜெயித்தால், நண்பரோடு சேர்ந்து நானும் கை தட்டுவேன்.