சட்டத்தரணிக்கு எதிராக ஒரு சட்டத்தரணி

ஹாலிஎலவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியைப் பிடிப்பது பெரும்பாலும் அறிமுகத்தின் வழியாகத்தான். தோட்டத் தலைவர் சொல்லும் பெயர், தொழிற்சங்கத்துக்கு வேண்டியவர், சொந்தக்காரர் ஒருவரின் காணி வழக்கைப் பேசியவர். இதைப் பாமரத்தனம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. பதுளை நீதிமன்றங்களில் அலுவல் சிங்களத்தில் நடக்கிறது. தமிழில் வழக்கிடவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் நம் கதையைப் பொறுமையாகக் கேட்டு, கட்டணத்தைத் தவணையில் வாங்கி, வழக்குத் தவணை நாள் மாறினால் ஆள்மூலம் சொல்லியனுப்பும் ஒருவரை அந்த உறுப்புரை தேடித் தராது. அறிமுகம் தேடித் தரும்.

சிக்கல், அப்படிப் பிடித்த சட்டத்தரணியே கைவிடும்போது தொடங்குகிறது. வேலை நீக்கப்பட்ட தொழிலாளி ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம். பணத்தையும் கடிதங்களையும் வாங்கிவைத்தவர் அந்தக் கெடுவைத் தவறவிட்டால், வேலையோடு வழக்கும் போயிற்று. பாதிக்கப்பட்டவர் மறுபடியும் தலைவரிடமே போகிறார். தலைவர் காட்டுவதோ, முதலாமவரோடு தினமும் ஒரே நீதிமன்ற வளாகத்தில் முகம் பார்க்கும் இன்னொருவரை. சிலவேளை அவரிடமே கனிஷ்டராக இருந்தவரை. "பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பார் அந்த இரண்டாமவர். சமரசம் கெட்டதல்ல. ஆனால் பேச்சு நீளும்போது காலாவதிக் கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி தீங்குக்கு நட்டஈடு கேட்க இரண்டு ஆண்டுகள், எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று, எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு. பற்றுச்சீட்டுக்கூட வாங்காமல் பணம் கொடுக்கும் நம் பழக்கம் இங்கேதான் உதைக்கிறது.

ஆகவே முதல் தேர்வில் பலமாக இருந்த நெருக்கமே இரண்டாம் தேர்வில் பலவீனமாகிறது. இப்போது தேவைப்படுபவர், எதிராளியின் தயவில் தொழில் செய்யாதவர்.

அவர் தகுதியானவரா என்பதை அவர் கேட்கும் கேள்விகளே காட்டிவிடும். முதலில் திகதிகளைக் கேட்க வேண்டும். அடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். தண்டனை வேண்டுமென்றால் 1978ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இருக்கிறது. வஞ்சகமோ தொழில்முறைக்கேடோ செய்த சட்டத்தரணியை உச்ச நீதிமன்றம் இடைநிறுத்தலாம், பெயரையும் நீக்கலாம். ஆனால் அந்த வழி, இழந்த வேலைக்கு நட்டஈடு வாங்கித் தருவதற்காக வகுக்கப்பட்டதல்ல. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அங்கே அசட்டையை நிறுவினால் மட்டும் போதாது. பழைய வழக்கு ஒழுங்காக நடந்திருந்தால் வென்றிருக்கும் என்பதையும், எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதையும் காட்ட வேண்டும். தொழில் நியாய சபையோ நீதியும் ஒப்புரவும் பார்த்துக் கட்டளையிடும் மன்றம். கிடைத்திருக்கக்கூடிய தொகையை விரல்விட்டு எண்ண முடியாது. எனவே தொழிற்சட்டமும் சிவில் வழக்கும் இரண்டுமே தெரிந்தவர் தேவை. ஒன்றுமட்டும் தெரிந்தவர் பாதி வழக்கைத்தான் பேசுவார்.

இன்னொரு பொறியும் உண்டு. தொழில் நியாய சபையில் தொழிலாளிக்காகச் சங்க உத்தியோகத்தரும் தோன்றலாம். ஏழைக்கு அது பெரிய வசதி. ஆனால் அவர் சட்டத்தரணி அல்லாதவரானால் 42ஆம் பிரிவு அவரைத் தொடாது. யார் பெயரில் விண்ணப்பம் போனது என்பதைப் பார்க்காமல் முறைப்பாடு எழுதுவது வீண்.

வெளியூர்ச் சட்டத்தரணியிலும் குறை இல்லாமல் இல்லை. கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர் ஒவ்வொரு தவணைக்கும் பதுளைக்கு வருவதென்றால், அந்தச் செலவு நாட்சம்பளக்காரரின் தோளில்தான் விழும். தலைநகரில் பெயர் பெற்றவர் நம் வழக்கை இன்னொரு கனிஷ்டரிடம் தள்ளிவிடவும் கூடும். அதற்காக நெருக்கத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆலோசனையை வெளியே கேட்டு, வழக்கை நடத்த முதலாமவரோடு தொடர்பில்லாத பண்டாரவளை, வெலிமடைச் சட்டத்தரணி ஒருவரை அமர்த்தலாம். வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவையும் அணுகலாம். அங்கும் எதிராளியின் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அறிமுகத்தை ஒழிக்கச் சொல்வது தோட்டத்து யதார்த்தம் தெரியாத பேச்சு. அறிமுகம் செய்பவருக்கும் பொறுப்பு வேண்டும் என்பதே வாதம். ஒப்படைத்த ஆவணங்கள், கொடுத்த பணம், கெடு முடியும் நாள் ஆகியவற்றை ஆள் காட்டும் சங்கமே தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தொழிலாளியிடம் கொடுக்கட்டும். சந்தா வாங்கும் சங்கத்துக்கு இது சுமையல்ல. பெரும்பாலான வழக்குகளில் இரண்டாவது சட்டத்தரணியே தேவைப்படாமல் போவதற்கும் அந்த ஒரு தாள் போதும்.