பேயின் பட்டினி

செத்துப் போனவன் எழுந்து வந்து உயிரோடு இருப்பவனைக் கடித்துத் தின்கிற கதைகளை 'ஜாம்பி' கதைகள் என்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. திருச்சியில் பழைய புத்தகக் கடைப் பக்கம் போகும்போது இந்த ரகத்தில் ஒன்றிரண்டு அகப்பட்டால் நான் வாங்கிவிடுவேன். "இந்த வயசில் இதெல்லாம் உங்களுக்கு எதற்கு மாமா?" என்று எதிர் வீட்டுப் பிள்ளை கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். பிணங்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளுகிற கதைகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பிணத்துக்கும் ஒரு மனசு உண்டு என்று வைத்துக்கொண்டு எழுதின கதைகள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் பேச்சு. அந்த வகையில் நான் அறிந்தவற்றுள் தலைசிறந்தது ஸ்ரீரங்கத்தில், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், வருஷா வருஷம் வாசிக்கப்பட்டு வருகிறது.

கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசிக்குக் கைசிக ஏகாதசி என்று பெயர். அன்று இரவு நம்பெருமாள் அர்ஜுன மண்டபத்தில் எழுந்தருளி 365 வஸ்திரங்கள் சாத்திக்கொள்கிறார். குளிர்காலம் அல்லவா? பட்டர் கைசிக புராணம் வாசிக்கிறார். வராக புராணத்தில் ஒரு பகுதி அது. பராசர பட்டர் வியாக்கியானம் செய்தது. அவர் வாசித்ததைக் கேட்டுப் பெருமாள் அவருக்கு மோட்சத்தையே கொடுத்துவிட்டார் என்பது ஐதிகம். வஸ்திரங்களை எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். நான் அந்தக் கதையில் வரும் பிரம்மராக்ஷஸனுக்காகப் போகிறவன்.

கதை திருக்குறுங்குடியில் நடக்கிறது. நம்பாடுவான் என்ற பாடகன், குலத்தின் காரணமாகக் கோயிலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டியவன், இரவு கழிவதற்குள் போய் நம்பியைப் பாடிவிட்டு வருகிறான். ஒரு கைசிக ஏகாதசி இரவில் காட்டு வழியில் பிரம்மராக்ஷஸன் அவனைப் பிடித்துக்கொள்கிறான். பட்டினியாகக் கிடந்த ராக்ஷஸன். "விரதத்தை முடித்துவிட்டு வருகிறேன், பிறகு தின்றுகொள்" என்கிறான் பாடகன். தப்பிப் போனவன் எவனாவது சாவதற்குத் திரும்பி வருவானா? ராக்ஷஸன் சிரிக்கிறான். பாடகன் பதினெட்டுச் சத்தியம் செய்கிறான். கடைசிச் சத்தியத்தில் ராக்ஷஸன் அவனை விட்டுவிடுகிறான். போய்ப் பாடி முடித்துத் திரும்புகிற வழியில் ஒருவர் குறுக்கிட்டு, "ஓடிப் பிழைத்துக்கொள்" என்று புத்தி சொல்கிறார். அதைக் கேட்காமல் பாடகன் வந்து ராக்ஷஸன் முன்னால் நிற்கிறான்.

இதைச் சொல்லும்போது எல்லாரும் நம்பாடுவானைத்தான் மெச்சுகிறார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் அவன் பக்தன். சத்தியம் அவனுக்குப் பழக்கம். எனக்கு ஆச்சரியமாக இருப்பது மற்றவன். பசி வயிற்றைக் கிள்ளுகிறது, இரை கையில் இருக்கிறது. வெறும் வார்த்தையை வாங்கிக்கொண்டு கையை விடுகிறான். ஊர் மனிதர்கள் அந்தப் பாடகனைக் கோயிலுக்குள் விடவில்லை; அவன் வார்த்தையை நம்பியது ஒரு பேய். அந்தப் பேயோ முன்பு பிராமணனாக இருந்தவன். சோமசர்மா என்று பெயர். மந்திரமும் முறையும் அறியாமல் யாகம் செய்யப் புகுந்து, அது முடிவதற்குள் இறந்து, இப்படி ஆனவன். உள்ளே நிற்கும் உரிமை இருந்தவன் காட்டில் பிணம் தின்னியாகக் கிடக்கிறான். வெளியே நிறுத்தப்பட்டவன் பாட்டோடு வருகிறான். எழுதினவர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்கிறது.

இன்னொரு நயம். தன் பூர்வ கதையை ராக்ஷஸன் ஆரம்பத்திலே சொல்லி அழுவதில்லை. இந்தக் காலத்து எழுத்தாளர்கள் முதல் அத்தியாயத்திலேயே பேய்க்கு ஒரு சோகத்தைக் கட்டிவைத்து நம்மிடம் இரக்கத்தை முன்பணமாக வசூல் செய்துவிடுகிறார்கள். இங்கே அவன் முதலில் பசித்தவன், அவ்வளவுதான். பாடகன் திரும்பி வந்த பிறகு அவனுக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. பாட்டின் பலன் வேண்டியிருக்கிறது. கேட்கிறான். பாடகன் கொடுக்கமாட்டேன் என்கிறான். கேட்பதைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியாகப் பாடிய கைசிகப் பண் ஒன்றின் பலனையாவது கொடு என்று காலில் விழுகிறான். 'நீ யார்?' என்ற கேள்வி வந்து, பழைய கதை வெளிப்படுவது அங்கேதான். அதற்குள் நாம் அவன் பக்கம் போயாகிவிட்டது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கடல் கடந்து போய்ப் பார்க்கலாம். ஜாம்பிக்கு ஆதியில் பசியே கிடையாது. ஹெய்டித் தீவில் அவன் மந்திரவாதி எழுப்பி வேலை வாங்குகிற பிணம். செத்த பிறகும் அடிமைத்தனம் தீராதோ என்று கரும்புத் தோட்டத்து அடிமைகள் பயந்த பயம் அது. சீப்ரூக் என்பவர் 1929-ல் எழுதிய புத்தகம் அவனை அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்தது. அவனுக்குப் பசியைக் கொடுத்தவர் ஜார்ஜ் ரொமேரோ. 1968-ல் அவர் எடுத்த படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது என்பது ஒரு வேடிக்கை. அதற்குத் தூண்டுதல் ரிச்சர்ட் மாதிசனின் 1954-ம் வருஷத்து நாவல். நோயுற்றவர்கள் தங்களுக்கென்று ஒரு சமுதாயம் அமைத்துக்கொண்டுவிட, அவர்கள் கண்ணுக்கு மிச்சமிருக்கும் ஒற்றை மனிதன்தான் அரக்கன் என்று முடிகிற நாவல் அது. கெட்டிக்காரத்தனமான முடிவு. அறிவுக்குப் பிடிக்கிறது, நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

இறங்கியது 1985-ல் ரொமேரோ எடுத்த மூன்றாவது படத்தில் வரும் 'பப்' என்ற ஜாம்பி. சங்கிலியில் கட்டுண்டவன். சவரக் கத்தியைக் கொடுத்தால் கன்னத்தில் வைத்துக்கொள்கிறான், பாட்டுக் கேட்கிறான், ராணுவ உடுப்பைக் கண்டால் கை தூக்கி சலாம் வைக்கிறான். முன்பு சிப்பாயாக இருந்திருக்க வேண்டும். அவனைப் பழக்குகிற டாக்டர் நன்றாக நடந்துகொண்டதற்குப் பரிசாக அவனுக்குப் போடுவது நர மாமிசம். செத்துப்போன சிப்பாய்களின் மாமிசம்! நமக்கு இரக்கமும் குமட்டலும் சேர்ந்தே வருகின்றன. அதே டாக்டர் செத்துக் கிடப்பதைக் கண்டு பப் துடிக்கும்போது, இவனுக்காக வருந்தலாமா கூடாதா என்று கேட்க நேரமில்லை, வருந்திவிடுகிறோம்.

ஐசக் மேரியன் 2010-ல் எழுதிய 'வார்ம் பாடீஸ்' நாவலில் ஜாம்பியே கதை சொல்கிறான். ஒரு பெண்ணின் காதலனைக் கொன்று மூளையைத் தின்று, அவன் நினைவுகளைப் பெற்று, அவளையே காதலிக்கிறான். முதல் பாதி அபாரம். தின்ற குற்றத்தைச் சுமந்துகொண்டே காதலிப்பதென்றால் சாமானியமா? பிற்பாதியில் காதலே மருந்தாகி அவன் மெள்ள மனிதனாகத் தொடங்கும்போது எனக்குச் சுவாரசியம் குறைந்துவிட்டது. பிரம்மராக்ஷஸனுக்கும் விமோசனம் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது; இன்னொருவன் பாடிய பாட்டை யாசித்து வாங்கினதால் வருகிறது.

தமிழில் இந்த ரகத்துக்கு முதல் படம் என்று சொல்லிக்கொண்டு 2016-ல் 'மிருதன்' வந்தது. சக்தி சௌந்தர் ராஜன் எடுத்தது; ஊட்டிப் போக்குவரத்துப் போலீஸ்காரனாக ஜெயம் ரவி. பிறரைக் காக்கப் போய்த் தானே கடிபட்டு மாறிப்போகிறான். காதல் மட்டும் மாறவில்லை. நல்ல கற்பனைதான். ஆனால் காதலுக்குக் கொடுத்த இடத்தில் காற்பங்கு பசிக்குக் கொடுத்திருந்தால், அவன் தன்னை அடக்கிக்கொள்வதற்கு ஒரு விலை தெரிந்திருக்கும். தின்ன ஆசையில்லாதவன் தின்னாமல் இருப்பதில் என்ன இருக்கிறது?

பேய்ப்பசியைத் தமிழ்க் கவிகள் அறியாதவர்கள் அல்ல. கலிங்கத்துப்பரணியில் 'பேய் முறைப்பாடு' என்றே ஒரு பகுதி: பட்டினிப் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. ஜெயங்கொண்டாருக்கு அது சிரிப்பு; பிறகு போர்க்களத்தில் கூழும் சமைத்துப் போட்டுவிடுகிறார். பழையனூர் நீலிக்கு அதுவும் இல்லை. முற்பிறப்பில் கணவன் கையால் கொலையுண்டவள் அவள். பழி வாங்க வந்தவளின் அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு, பொய்யழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்று பெயர் வைத்துவிட்டோம். அவள் கட்சியை எடுத்துப் பேச யாராவது வரவேண்டும்.

திருக்குறுங்குடியில் இந்தக் கைசிகக் கதை நாடகமாகவே நடந்து வந்து, நின்றுபோய், பேராசிரியர் சே. இராமானுஜம், அனிதா ரத்னம் ஆகியோர் முயற்சியால் 1999-ல் மறுபடி மேடை ஏறியது. வாசிப்பானாலும் நாடகமானாலும் ஓர் இடத்தில் எனக்கு மனசு நின்றுவிடுகிறது. சத்தியத்தை வாங்கிக்கொண்டு ராக்ஷஸன் கையை விட்டதும் கதை பாடகனோடு கோயிலுக்குப் போய்விடுகிறது. காட்டில் தனியாக, பசியோடு, வருவானோ மாட்டானோ என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, அந்தச் சில நாழிகைகளை எழுத வேண்டும் என்று நான் இரண்டு முறை ஆரம்பித்துப் பார்த்தேன். கிழித்த காகிதங்கள்தான் மிச்சம். எதிர் வீட்டுப் பிள்ளை கதை எழுதுகிறவன், அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.