சான்றாய் நின்ற பாட்டு

எபிரேயத் திருமறையில் சான்றாக நிறுத்தப்பெறும் பொருள்கள் பல. சீகேமில் யோசுவா பெருங்கல் ஒன்றை நாட்டி, இறைவன் உரைத்தவற்றை அக்கல் கேட்டதெனக் கூறுகின்றான். உபாகமம் 31-ஆம் அதிகாரத்தில் திருச்சட்ட நூல் உடன்படிக்கைப் பெட்டியின் அருகே சான்றாக வைக்கப்பெறுகின்றது. அவ்வதிகாரத்திலேயே பாட்டொன்றும் சான்றாகின்றது. நூல் இருக்கப் பாட்டு எற்றுக்கு? இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

மோசேயின் இறுதி நாள் அணுகுகின்றது. அவனுக்குப் பின் மக்கள் வேற்றுத் தெய்வங்களை நாடுவர் என உணர்த்தும் இறைவன், ஒரு பாட்டை எழுதி அவர்தம் வாயில் வைக்குமாறு பணிக்கின்றான். அவர்க்கு எதிரே சான்றாய் நிற்பதே அதன் பயன். சான்றுரைத்தலைக் குறிக்க ஈண்டு வரும் 'ஆனா' என்னும் எபிரேய வினைக்கு விடை கூறுதல் என்பதும் பொருள். பாடுதலைக் குறிக்கும் ஒத்த வடிவின் வினை ஒன்றும் அம்மொழியில் உண்டு. கல் கேட்டது, நூல் ஓரிடத்தே கிடந்தது, பாட்டோ வழிவழியாக மக்கள் நாவிலிருந்தே விடையளிக்க வல்லது. குற்றம் சாட்டப்பெறுவோரே தமக்கு எதிரான சான்றைச் சுமந்து செல்கின்றனர்.

32-ஆம் அதிகாரத்தில் அமைந்த அப்பாட்டின் நடையும் இதற்கு இயைய உள்ளது. 15-ஆம் வசனத்தில் யெஷூரன் செழித்துச் செருக்குற்றமை படர்க்கையில் தொடங்குகின்றது. அவ்வசனத்துள்ளேயே கூற்று முன்னிலையாகத் திரிகின்றது. 31-ஆம் வசனத்திலோ தன்மைப்பன்மை வருகின்றது. எனவே பாடுவோன் பிறரைச் சுட்டுவதாகத் தொடங்கித் தன்னையே சுட்டி நிற்கின்றான்.

நினைவே இப்பாட்டின் உயிர்நிலை. பண்டை நாள்களை நினைக்குமாறு 7-ஆம் வசனம் ஏவுகின்றது. தம்மைப் பெற்ற இறைவனை மறந்தமையை 18-ஆம் வசனம் இடித்துரைக்கின்றது. 26-ஆம் வசனத்தில் இறைவன் அம்மக்களின் நினைவையே மாந்தரிடையினின்று துடைக்கக் கருதுகின்றான். ஆயினும் பகைவர் அதனைத் தம் கைவன்மை எனப் பிறழ உணர்வர் என்று கருதித் தவிர்கின்றான். மறந்தவர் மறக்கப்பெறாமைக்குக் காரணம் அவர்தம் தகுதி அன்று என்பது இதனால் பெறப்படும்.

ஜி. எர்னெஸ்ட் ரைட் 1962-இல் இப்பாட்டை இறைவன் தொடுத்த வழக்கின் வடிவினதாக ஆராய்ந்து, பிற கூறுகளால் அவ்வடிவு விரிந்தமையையும் காட்டினார். வழக்கென்பது பாட்டின் முற்பகுதிக்குப் பெரிதும் பொருந்தும். ஆயின் 36-ஆம் வசனம் முதல் இரக்கமும் மீட்பும் தோன்றுகின்றன. கும்ரான் நான்காம் குகை 1952-இல் கண்டறியப்பட்டது. ஆங்குக் கிடைத்த ஏடொன்றில் உள்ள இப்பாட்டின் இறுதிப் பகுதியைப் பேட்ரிக் ஸ்கீஹன் 1954-இல் வெளியிட்டார். மரபு எபிரேய மூலத்தின் இறுதி வசனம் மக்களினங்களை மகிழ அழைக்க, அவ்வேடோ வானத்தை அழைக்கின்றது. கிரேக்க மொழிபெயர்ப்பும் வானத்தைக் குறித்தல் இதற்கு வலிவு தரும். இப்பாடத்தைக் கொள்ளின், முதல் வசனத்தில் செவிகொடுக்க அழைக்கப்பெற்ற வானம் இறுதியில் மகிழ்ச்சியில் பங்குகொள்ளும் நயம் புலனாகும்.

31-ஆம் அதிகாரம் இப்பாட்டிற்கு வகுத்த பணி குற்றம் சாட்டுதல் ஒன்றே. பாட்டோ அவ்வெல்லையைக் கடந்து, குற்றத்தை ஒப்புவோர் நம்பிக்கையையும் பாட இடந்தருகின்றது. குற்றச்சாட்டு மட்டுமாக இருப்பின் அதனைத் தம் மக்களுக்குக் கற்பிக்க எவரும் விரும்பார். தம் தவற்றை மறைக்காத பாட்டையே ஓரினம் தன் நினைவுச் சின்னமாகப் போற்றியமைக்கு இதுவே காரணம் என்பது நம் துணிபு.