தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு

வளையல் அடுக்கி, கட்டுச்சோறு கட்டி, ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணைப் பிறந்தவீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆகவே தாய்வீடு இன்று பிள்ளை பெறும் இடம் அல்ல, பிள்ளைக்காகக் காத்திருக்கும் இடம். அந்தக் காத்திருப்புக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் அதன் பெரிய நன்மை. குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கியதும் மூச்சு இலேசாகும். ஆனால் ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழவேண்டியிருக்கும். புரண்டு படுப்பதே பாடாக இருக்கும். மலச்சிக்கல், மூலம், வெள்ளைப்படுதல் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசும் தொல்லைகளும் கூடவே வரும். புகுந்தவீட்டார் எவ்வளவு நல்லவர்களானாலும், இவற்றையெல்லாம் ஒரு பெண் தயங்காமல் சொல்வது அம்மாவிடம்தான். பகலில் படுத்தால் யாரும் முகம் சுளிக்காத வீடும் அதுதான். வலி எடுத்தபின் நம்பிக்கையான ஒருவர் கூடவே இருந்தால் இயல்பான பிரசவத்துக்கு வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவ ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பாட்டிமார் அனுபவத்தில் கண்டதுதான் அது.

சூட்டு வலியை எடுத்துக்கொள்வோம். கடைசி வாரங்களில் வயிறு கல்லாக இறுகி இறுகித் தளரும். தலைச்சன் பிள்ளைக்காரி பதறிப்போவாள். வீட்டுப் பெரியவர்கள் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, சற்று நடக்கச் சொல்வார்கள். பிறகு படுக்கச் சொல்வார்கள். வலி அடங்கினால் சூட்டு வலி. இடுப்பிலிருந்து முன்வயிற்றுக்கு வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போனால் பிரசவ வலி. கஷாயத்துக்கு வலியைப் பிரித்துக்காட்டும் ஆற்றல் ஒன்றும் இல்லை. அந்த அரை மணி, ஒரு மணி நேரக் கவனிப்பில்தான் சூட்சுமம். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் அது நல்ல முறையே. வீண் அலைச்சலும் பதற்றமும் மிச்சம்.

ஆனால் அதே கஷாயம் கெடுதலாகும் இடங்கள் உண்டு. இரத்தம் பட்டாலோ பனிக்குடம் உடைந்தாலோ, முன்பு சிசேரியன் ஆனவளுக்கு வலி கண்டாலோ காத்திருக்கக் கூடாது. கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல் ஆகியவை இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறிகளாக இருக்கலாம். “பிள்ளைத்தாச்சிக்கு வீக்கம் சகஜம்” என்ற சமாதானம் அங்கே உயிருக்கே உலை வைத்துவிடும். “மாசம் ஏற ஏறக் குழந்தைக்கு இடம் இருக்காது, அசைவு குறையும்தான்” என்பதும் தவறு. அசைவின் விதம் மாறலாம். அசைவு குறைந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இந்த வழக்கத்தில் மிகப் பெரிய ஓட்டை, கவனிப்பு நடுவில் அறுந்துபோவது. எட்டு மாதம் ஒரு மருத்துவர் பார்த்த கர்ப்பம், வேறு ஊரில் முன்பின் அறியாத மருத்துவரின் கைக்கு வருகிறது. சர்க்கரை, இரத்தசோகை, கீழிறங்கிய நஞ்சு, நெகட்டிவ் இரத்த வகை எல்லாமே ஸ்கேன் கோப்பிலும் தாய்-சேய் நல அட்டையிலும் இருக்கின்றன. வளையலும் பட்டுப்புடவையும் மறக்காமல் வருகின்றன. அந்தக் கோப்பு சில வீடுகளில் பீரோவிலேயே தங்கிவிடுகிறது.

குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலவே. 37 வாரம் முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். 41 வாரம் வரையும் போகலாம். இது தெரியாமல் தேதி கடந்த மறுநாளே தொலைபேசியில் விசாரணை தொடங்கிவிடும். அந்த நெருக்கடியில், நல்ல நாள் பார்த்து அறுவைக்குத் தேதி கேட்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்தியச் சராசரியைப் போல இருமடங்கு. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் மருத்துவக் காரணமின்றி 39 வாரத்துக்கு முன்பே குழந்தையை வெளியே எடுத்தால் மூச்சுத்திணறலுக்கு வாய்ப்பு கூடும் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்கவேண்டும்.

செலவு இன்னொரு அநியாயம். மருத்துவமனைக் கட்டணம், குழந்தைக்கு நகை, சீர் என்று எல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள் தலையில். கூலிவேலைக்குப் போகும் அம்மாவுக்கு இரண்டு மூன்று மாதக் கூலியும் போகிறது. கணவனோ பல வீடுகளில் செய்தி கேட்டு ஓடிவரும் விருந்தாளி.

வழக்கத்தைக் கைவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் அருகாமைதான் அதன் சாரம். ஊர் மாறுவது அல்ல. இரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, கீழிறங்கிய நஞ்சு என்று எது இருந்தாலும் பெண் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அம்மா அங்கே வரட்டும். சிக்கல் இல்லாதவள் தாய்வீடு போகட்டும். ஆனால் வளைகாப்புத் தேதியைக் குறிக்கும்போதே அந்த ஊர் மருத்துவமனையில் முதல் பரிசோதனைக்கும் நாள் குறித்துவிடுங்கள். கோப்பு அவள் கைப்பையில் இருக்கட்டும். 108 வண்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: பிறக்கப்போவது உங்கள் வீட்டுக் குழந்தையும்தான், செலவை நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள், மகனைக் கடைசி வாரங்களில் மனைவியின் பக்கத்தில் இருக்க அனுப்பிவையுங்கள்.