ஒடிசியின் பன்னிரு அடிமைப் பெண்கள்: மொழிபெயர்ப்பு வாசிப்பின் எல்லை

தமிழ் வீரயுகப் பாடல்கள் குறித்த க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது முதல், தமிழ் ஒப்பியல் ஆய்வில் ஹோமரின் காப்பியங்கள் நிலையான இடம் பெற்றுள்ளன. கைலாசபதி பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவர். அத்தகைய வாய்ப்பு அமையாத ஆய்வாளருக்கு ஆங்கில மொழிபெயர்ப்பே வாயில். அவ்வழியே நுழைவது குறையன்று. மொழிபெயர்ப்பாளரின் சொல்லை ஹோமரின் சொல்லாகக் கொண்டு, அதன்மேல் முடிபு எழுப்பும்போதே இடர் தோன்றுகின்றது. ஒடிசியின் 22ஆம் காண்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

பெனிலோப்பியை மணக்க வேண்டி அரண்மனையில் தங்கியிருந்த ஆடவரைக் கொன்று முடித்தபின், முதிய செவிலி யூரிக்ளியாவிடம் அங்குள்ள பெண்களைப் பற்றி ஒடிசியஸ் வினவுகிறான். 50 அடிமைப் பெண்களுள் 12 பேர் நாணம் துறந்தனர் என்கிறாள் அவள். அவர்களைக் கொண்டே பிணங்களை அகற்றுவித்து, மேசைகளையும் இருக்கைகளையும் கழுவச் செய்து, பின்னர் வாளால் கொல்லுமாறு ஒடிசியஸ் ஆணையிடுகிறான். மகன் டெலிமக்கஸ் அதனை மாற்றுகிறான். தூய சாவு அவர்களுக்கு உரியதன்று எனக் கூறிக் கப்பற்கயிற்றில் தூக்கிலிடுகிறான்.

டெலிமக்கஸின் இக்கூற்றில் அப்பெண்களைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஒன்றேனும் இல்லை. பெண்பாற் பன்மைச் சுட்டும் அதனைத் தொடரும் இணைப்புச் சொல்லுமே உள்ளன. தன்மீதும் தாய்மீதும் இழிசொல் பொழிந்தனர், அவ்வாடவருடன் துயின்றனர் என்னும் குற்றச்சாட்டு உண்டு; வசைப்பெயர் இல்லை. 1961இல் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1996இல் ராபர்ட் ஃபேகில்ஸும் வெளியிட்ட மொழிபெயர்ப்புகளில் இவ்விடத்தே பரத்தையரைச் சுட்டும் கொச்சை வசைகள் இடம்பெறுகின்றன. ரிச்மண்ட் லாட்டிமோர் அத்தகைய வசையைத் தவிர்த்தாலும், 'இந்த ஜென்மங்கள்' என்று தமிழில் சொல்லும்போது எழும் இகழ்ச்சிக்கு நிகரான சொல்லை இடுகிறார்.

வசையினும் கூர்ந்து நோக்கத்தக்கது இடமாற்றம். மூலத்தில் டெலிமக்கஸ் அப்பெண்களைப் படர்க்கையில் வைத்தே பேசுகிறான். ஃபிட்ஸ்ஜெரால்டும் ஃபேகில்ஸும் அவனை அவர்கள் பக்கம் திருப்பி முன்னிலையில் ஏசவைக்கின்றனர். படர்க்கைக் கூற்று தீர்ப்பு போன்றது. முன்னிலை ஏச்சு ஓர் இளைஞனின் சினவெடிப்பு. மூலத்தின் கொடுமை அதன் குளிர்ச்சியில் உள்ளது. ஆங்கில வடிவங்களில் அது சூடேறி, ஓரளவு மன்னிக்கத்தக்கதாகவும் ஆகிவிடுகின்றது.

எமிலி வில்சனின் 2017ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு வசையை நீக்கி, அப்பெண்களைச் 'சிறுமியர்' என்னும் பொருள்பட அழைக்கின்றது. இத்திருத்தம் வரவேற்கத்தக்கதே. எனினும் இளமை என்னும் குறிப்பும் அவ்வடிகளில் இல்லாததே. அது வாசகரின் இரக்கத்தை வேண்டி நிற்கும் சேர்க்கை. யூரிக்ளியாவின் நாணமின்மைப் பழியோ மூலத்திலேயே உள்ளது. ஆகவே ஹோமர் அப்பெண்களைத் தூற்றுகிறார் என்பதற்கும் அவர்கள்பால் பரிவு காட்டுகிறார் என்பதற்கும் இம்மொழிபெயர்ப்புகளின் பெயர்ச்சொற்கள் சான்றாகா. தமிழிலும் சிக்கல் உண்டு. பலர்பாலில் ஆண் பெண் வேறுபாடு இன்மையால் 'அவர்கள்' எனில் பெண்மை மறையும். 'அப்பெண்கள்' எனில் மூலத்தில் இல்லாத பெயர்ச்சொல் புகும்.

'பணிப்பெண்', 'சேடி' ஆகிய சொற்கள் இன்னும் பெரிய பிழைக்கு இடந்தருவன. மூலச்சொல் குறிப்பது அடிமையை. மறுக்கும் உரிமை அற்றவளை. இதே காண்டத்தின் தொடக்கத்தில், தன் வீட்டு அடிமைப் பெண்களுடன் வலிந்து கூடினர் என ஒடிசியஸே அவ்வாடவர்மேல் குற்றஞ்சாட்டுகிறான். அந்த வன்முறைக்கு ஆளானோர் காண்டத்தின் இறுதியில் குற்றவாளிகளாகின்றனர். இம்முரண்பாட்டைக் காப்பியம் தீர்த்துவைப்பதில்லை. வசைச்சொல்லைப் பெய்யும் மொழிபெயர்ப்பு அதனைத் தீர்த்து முடித்துவிடுகின்றது. அதனை மட்டும் படித்துக் கற்புநெறி பற்றி ஒப்பாய்வு செய்வோர், கிரேக்கத் தொல்சமூகத்தின் மதிப்பீடு என எடுத்துக்காட்டுவது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க ஆங்கிலத்தின் மதிப்பீட்டையாக இருக்கக்கூடும்.

உவமை மட்டும் எம்மொழிபெயர்ப்பிலும் பெரிதும் சிதையவில்லை. கூடு நோக்கிப் பறந்து வலையில் சிக்கிய பறவைகள்போல் அப்பெண்கள் வரிசையாகத் தொங்குகின்றனர். அவர்களின் கால்கள் சிறிது நேரமே துடிக்கின்றன. ஃபேகில்ஸின் வசையைக் கடந்து வரும் வாசகரும் இவ்விடத்தில் தயங்கவே செய்வர்.